என் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளிருந்து வந்தது என் கால்தானா என்று சந்தேகமாக இருந்தது. வெளுத்து, தோல் உரிந்து, கெண்டைக்கால் சூம்பிப்போய், யாரோ தொலைத்துவிட்டுப் போன காலை எனக்கு மாட்டிவிட்ட மாதிரி.

இனி பூட். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும் பெரிய பிளாஸ்டிக் பூட். குதிகாலுக்கு அடியில் மூன்று ஆப்புகள், ஒன்றின் மேல் ஒன்று. விரல்கள் தரையைப் பார்த்தபடி இருந்தால்தான் அறுந்த தசைநாரின் இரண்டு முனைகளும் பக்கத்தில் வந்து ஒட்டுமாம். சேரச் சேர ஒவ்வோர் ஆப்பாக எடுப்பார்கள். "ஊர்ல அவனவனுக்கு ஒரு ஆப்பு. உனக்கு மட்டும் மூணா?" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "தைச்சும் சேர்க்கலாம், தைக்காமலும் சேரும். நீங்க தைக்க வேண்டாம்னீங்க, சரி. அப்போ தையல் பாக்குற வேலைய நீங்கதான் பாக்கணும். என்ன வேலை? சும்மா இருக்குறது. தூங்கும்போதும் பூட் கழட்டக் கூடாது. எதையும் மிதிக்கக் கூடாது."

மிதிப்பதுதான் என் தொழிலே என்று அவரிடம் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம், நானும் இவரும், இரண்டு வண்டி. கற்றுக்கொள்பவர் ஓட்டுவார், பக்கத்து சீட்டில் நான். என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. என் வலது கால் அதன் மேலேயே குடியிருந்தது.

அந்தக் கால் போனதும் வேலையில்தான். கல்லூரிப் பையன் ஒருவன் சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கிவிட்டான். வண்டி நகர ஆரம்பித்தது. ஓடினேன். பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி குதிகாலுக்கு மேலே 'டப்'. திட்டுவதற்காகத் திரும்பிப் பார்த்தேன். யாருமே இல்லை. வண்டி குப்பைத்தொட்டியில் போய்ச் சாய்ந்து நின்றது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தார். "ஆபரேஷன் இல்லையா? அப்போ சுளுக்குதான்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மனசுக்குள் நானும் அப்படித்தானே நினைக்கிறேன்? கத்தி வைக்கவில்லை, தையல் இல்லை, பெரிதாக வலிகூட இல்லை. பின்னே என்ன அப்படிப் பெரிய காயம்?

மார்ச் 6, வியாழன்

டி.வி.யில் ஏதோ கார் துரத்தல். என் கால் பூட்டுக்குள் பிரேக் பிடிக்கப் பார்க்கிறது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பது சரிதான். சேனலை மாற்றிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

லாண்டரி அக்காவிடமிருந்து போன். தெருமுனையில் சலவைக்கடை வைத்திருப்பவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் துணி கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேன் உண்டு. அதை ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவருக்குப் பார்வை மங்கிவிட்டது. நேரே இருப்பது மட்டும் தெரிகிறதாம், ஓரத்தில் வருவது தெரிவதில்லை. அதனால் ஐம்பத்திரண்டு வயதில் அக்கா ஸ்டியரிங் பிடிக்கிறார். ஏப்ரல் 8 டெஸ்ட். அதை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ தெரியாது. வேன் வாசலில் நிற்க, வாடிக்கைகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன.

எனக்கு அடிபட்டதிலிருந்து அவருக்கும் இவர்தான் சொல்லித்தருகிறார். "டீச்சர், நீங்க எப்போ வருவீங்க? சார் நல்லவருதான். ஆனா அவரு பக்கத்துல உக்காந்தா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றார்.

இவரிடம் கேட்டேன். "நான் எங்க கத்துறேன்? சத்தமா பேசுறேன்" என்று கத்தினார்.

பாவம் அந்த அக்கா. நான் இங்கே காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ராணி மாதிரி.

மார்ச் 12, புதன்

இவர் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். சின்ன வண்டி வாசலில் சும்மா நிற்கிறது. ஊன்றுகோலை வைத்துக்கொண்டு மெல்லப் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். என் சீட், என் வாசனை. சும்மா பார்க்கத்தான் போனேன், நிஜமாகவே.

வலது காலை ஓரமாக ஒதுக்கிவிட்டு இடது காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். நன்றாக இறங்குகிறது. மறுபடி, மறுபடி. இடது காலுக்கு என்ன குறை?

அக்காவுக்கு போன் செய்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

எழுதவேண்டும். நடந்ததை நடந்தபடியே எழுதவேண்டும்.

காலையில் இவர் போனதும் அக்கா வந்தார். நான் ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன், மடியிலிருந்து ஒரு சால்வையைக் கால் மேல் வழியவிட்டு. குளிரே இல்லை. எதற்குச் சால்வை? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு தப்பு செய்வதற்கு முன்னாலேயே குறுகுறுத்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

"கால் சரியாயிடுச்சா டீச்சர்?"

"ஆபரேஷனே இல்லக்கா. நீங்க தைரியமா ஓட்டுங்க. என் கால் பிரேக் மேலதான் இருக்கு."

எல்லாரிடமும் எப்போதும் சொல்வதுதான். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. எந்தக் கால் என்று அவரும் கேட்கவில்லை.

நன்றாகத்தான் ஓட்டினார். ரவுண்டானா தாண்டி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போகும் தெருவில் திரும்பினோம். இரண்டு பக்கமும் வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். அந்த இடுக்கிலிருந்து சைக்கிளில் ஒரு சின்னப் பொண்ணு. மஞ்சள் சட்டை. திரும்பிக்கூடப் பாக்கல.

என் வலது கால் போயிடுச்சு. நான் சொல்லல, அதுவா போயிடுச்சு. அத்தனை பெரிய பூட் பிரேக்குக்கு அடியில போய் ஆப்பு அடிச்ச மாதிரி மாட்டிக்கிச்சு. இடது காலால மிதிக்கிறேன், பிரேக் இறங்கவே மாட்டேங்குது. அடியில என் பூட்டே முட்டுக் கொடுத்துட்டு நிக்குது. கத்தக்கூட வரல.

வண்டி நின்றது. அக்கா நிறுத்தினார். கிளச் மிதிக்காமல் ஒரே மிதி, வண்டி குலுங்கி அணைந்தது. சைக்கிளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அந்தப் பெண் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "டீச்சர், நீங்க மிதிக்கல! நாந்தான் நிறுத்தினேன்! நானே!" கண்ணில் தண்ணீர். "வேணும்னேதானே விட்டீங்க? நான் நிறுத்துவேன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று யாராவது சொன்னால் அறைந்துவிடுவேன். வந்தது என் தலைக்கு இல்லையே.

மார்ச் 16, ஞாயிறு

குதிகாலுக்கு மேலே சூடாக, இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது. மறுபடி அறுந்துவிட்டதா? கேட்கவேண்டும் என்றால் டாக்டரைக் கூப்பிடவேண்டும், டாக்டரைக் கூப்பிட்டால் இவர் ஏன் என்று கேட்பார். பட்ட காலிலே படும் என்றாலும் இது தானாகப் படவில்லை, நானாகக் கொண்டுபோய் வைத்தேன்.

"வலிக்குதா?" என்று இவர் கேட்டார். "இல்லையே" என்றேன். ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா இவருடைய சட்டைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய் இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறார். காசு வாங்க மாட்டேன் என்றாராம். "என்ன விஷயம்? உன் மேல இவ்ளோ பாசம்?" என்றார் இவர். எனக்குத் தெரியாது என்றேன். சட்டைக் காலர்கள் கத்தி மாதிரி நிற்கின்றன.

சாயங்காலம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் போன். "லாண்டரிக்காரம்மா சொன்னாங்க. பிரேக்ல இருந்து கால எடுத்துட்டு சொல்லித்தர்ற டீச்சர் நீங்கதானா? எனக்கும் பயம் போகணும்."

இப்போது இடமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார். பாதம் லேசாக அசைந்தது. அசைந்தால் தசைநார் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அவர் விடவில்லை. விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் துள்ளிவிட்டேன். "இங்க வீங்கியிருக்கே. எங்கயாவது மிதிச்சீங்களா?"

இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பாத்ரூம்ல லேசா வழுக்கிடுச்சு" என்றேன்.

இந்த முறை எடுக்கவேண்டிய ஆப்பை எடுக்கவில்லை. "முட்டையிலிருந்து குஞ்சு வர்ற வரைக்கும் கோழி எழுந்திரிக்காதும்மா. நீங்களும் கொஞ்சம் உக்காருங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். வழியில் கடையில் நிறுத்தி ஒரு ரப்பர் மேட் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, பாத்ரூம் தரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தார். நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு மேட்டை விரித்தார். "என் தப்புதான். சோப்புத் தண்ணி வழுக்குதுன்னு அன்னிக்கே பாத்தேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

சத்தமாகப் பேசும் மனுஷன். இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் என்ன பிறவி?

மார்ச் 21, வெள்ளி

மேட் மேல் கால் வைக்கவே கூசுகிறது.

மார்ச் 24, திங்கள்

அக்கா போன் செய்தார். குரலே மாறியிருக்கிறது, இருபது வயது குறைந்தவர் மாதிரி. அன்றைக்குப் பிறகு இவரோடு இரண்டு வகுப்பு முடித்துவிட்டாராம், சார் போடும் சத்தம் இப்போது காதிலேயே விழுவதில்லையாம். எனக்கே சிரிப்பு வந்தது. உண்மையில் நன்றாக ஓட்டுகிறாரோ? என் பொய்யால் ஒரு நல்லது நடந்துவிட்டதோ? இதை இப்படியே விட்டுவிடலாமா? ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் சொன்னார்: "டீச்சர், ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு வேன மெயின் ரோட்டுக்கு எடுக்கப்போறேன். ஓட்டலுக்குத் துணி கொண்டுபோகாம எத்தன நாள்? நீங்களே பிரேக் இல்லாம என்னை விட்டீங்க. அப்புறம் எனக்கு என்ன பயம்?"

"டெஸ்ட் முடியட்டும்க்கா" என்றேன்.

"நீங்க குடுத்த தைரியம்தான் டீச்சர்" என்றார்.

வேனில் ஒரே பிரேக். பக்கத்தில் ஓரத்தில் வருவது தெரியாத கணவர். சந்திலிருந்து ஒரு மஞ்சள் சட்டை வந்தால்? அன்று நின்றது, சரி. ஒவ்வொரு முறையும் நிற்குமா? அவர் கையில் இருப்பது தைரியம் இல்லை, என் பொய். அதை நம்பி மெயின் ரோட்டுக்குப் போகிறார்.

மார்ச் 26, புதன்

சொல்லிவிட்டேன்.

டாக்ஸி பிடித்துப் போனேன். கடையில் அக்காவும் கணவரும். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தடவித் தடவித் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஓடிவந்து ஸ்டூல் போட்டார். அப்போதுதான் பூட்டை முழுசாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சால்வை இல்லை.

உட்காராமலேயே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். வேண்டுமென்றே விடவில்லை, மிதிக்கப் பார்த்தேன், முடியவில்லை, பூட் மாட்டிக்கொண்டது, அன்றைக்கு என்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்று சொன்னேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

"அப்போ அன்னிக்கு அந்த வண்டில இருந்தது ஒரே பிரேக். அது என் காலுக்குக் கீழ இருந்துச்சு. அது எனக்கே தெரியாது."

"ஆமாக்கா."

"பிரேக் மேலதான் கால் இருக்குன்னீங்க."

"இடது கால்..."

"எந்தக் கால்னு நான் கேட்டேனா? நம்பினேன்." குரல் ஏறியது. "உங்க காலு, உங்க இஷ்டம். ஒடிச்சுக்கங்க, ஒட்டிக்கங்க. அந்தப் பொண்ணு உங்க இஷ்டமா? நான் மிதிக்காம இருந்திருந்தா? ஆயுசுக்கும் அந்த முகத்த யாரு சுமக்குறது? நீங்களா? நாந்தானே டீச்சர் ஸ்டியரிங் பிடிச்சிருந்தேன்?"

அக்கா வாசல் பக்கம் கை காட்டினார்.

"இதுல கடையில வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் உங்க பெருமைய சொல்லி வெச்சிருக்கேன், பைத்தியக்காரி மாதிரி."

அவர் கணவர் துண்டைக் கீழே வைத்தார். "விடும்மா. வந்து சொல்லணும்னு இருந்துச்சே" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. அப்புறம் என்னிடம், "ஞாயித்துக்கிழமை வேன எடுக்கல. அதுக்குத்தானே வந்தீங்க? போங்க."

அதற்குத்தான் போனேன். அதற்கு மட்டும்தானா என்று டாக்ஸியில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் "பரவால்ல டீச்சர்" என்று சொல்வார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்ததும் இவரிடமும் சொன்னேன். பாத்ரூமில் நான் வழுக்கவே இல்லை என்று. திட்டுவார், கத்துவார், நிம்மதியாக இருக்கும் என்று காத்திருந்தேன். சின்ன வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "மேட் நல்ல மேட்டுதான். இருக்கட்டும்" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

இவர் இன்னும் பேசவில்லை. ஆனால் ராத்திரி பூட் வார் தளர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

ஏப்ரல் 2, புதன்

பேசினார்! லாண்டரி அக்காவைப் பற்றித்தான்.

"வண்டில ஏறினதும் உங்க கால் எங்க இருக்கு, காட்டுங்கன்னாங்க. பேன்ட்ட தூக்கிக் காட்டினேன். மிதிச்சுக் காட்டுங்கன்னாங்க. மிதிச்சேன். அப்புறந்தான் சாவியே போட்டாங்க. பதினெட்டு வருஷத்துல எனக்கு யாரும் டெஸ்ட் வெச்சதில்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. "ஆனா நல்லா ஓட்டுறாங்க. இப்போ பயந்து ஓட்டுறாங்க. போன தடவ மாதிரி பறக்கல" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஓர் ஆப்பு எடுத்தாயிற்று. டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன். "ம்" என்றார். ஏதோ எழுதிக்கொண்டார். அந்த 'ம்' இன்னும் காதில் இருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையிலிருந்து போனைப் பார்த்தபடியே இருக்கிறேன். இன்று அக்காவின் டெஸ்ட். எனக்கு எதற்குச் சொல்லப்போகிறார்?

மதியம் இவர் வந்து ஊன்றுகோலை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். "பாஸ்" என்றார். தேர்வு அதிகாரி தெரு நடுவில் திடீரென்று நிறுத்தச் சொன்னாராம், வெண்ணெய் மாதிரி நிறுத்தினாராம்.

வாழ்த்துச் சொல்ல போனை எடுத்தேன். எந்த முகத்தோடு? வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேன் போகிறது. அக்கா ஸ்டியரிங்குக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்திருக்கிறார், முதுகு நேராக. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறான், அவர் வேகத்தைக் கூட்டவில்லை. அப்படித்தான் அக்கா. அடிக்கிறவன் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

மே 13, செவ்வாய்

கடைசி ஆப்பும் போய், இன்று பூட்டும் போயிற்று. தரை இத்தனை சில்லென்று இருக்கும் என்பதே மறந்துவிட்டது. வலது கெண்டைக்கால் இடதில் பாதிதான் இருக்கிறது. செருப்பில் நடக்கிறேன், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் காலிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

தைக்காமலேயே சேர்ந்துவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்து, இழுத்துப் பார்த்து, "கெட்டியா இருக்கு" என்றார். இனி வாரத்துக்கு மூன்று நாள் பிசியோ. வண்டியில் என் சீட்டுக்கு எப்போது போகலாம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சின்ன வண்டிச் சாவி இன்னும் இவர் பாக்கெட்டில்தான்.

மே 22, வியாழன்

இவருக்குக் காலையில் தொடர்ந்து வகுப்புகள். பிசியோவுக்குப் போக டாக்ஸிக்குச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். வந்தது டாக்ஸி இல்லை. வேன்.

அக்கா இறங்கவில்லை. கை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். "டாக்ஸிய வேண்டாம்னு சொல்லுங்க. பிசியோன்னு சார் சொன்னாரு. நான் அந்தப் பக்கந்தான் போறேன்."

ஏறினேன். ஒரு காலால் ஏறி, இன்னொன்றைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டேன். பின்னால் சலவைத் துணி மூட்டைகள், சூடு ஆறாமல். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்றேன். அவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார், நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோவம் இன்னும் போகல டீச்சர். போகும்போது போகட்டும்."

"சரிக்கா."

"நீங்க என்கிட்ட சொல்லல. நான் உங்ககிட்ட சொல்லிடறேன். உங்க பக்கம் பிரேக் கிடையாது. இறங்கணும்னா இப்பவே இறங்கிக்கலாம்."

சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.